ஜெப நோட்டில் அவர் பெயர்

கொல்லிமலைக்கு வேலைக்கு வந்த முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளை நான் பஸ்ஸில் உட்கார்ந்தே கழித்தேன். எங்கேயாவது போக வேண்டும் என்று இல்லை. மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் எந்த வண்டி புறப்படத் தயாராக நிற்கிறதோ அதில் ஏறி, கடைசி ஊர் வரை போய், டிரைவரும் கண்டக்டரும் டீ குடித்துவிட்டு வரும்வரை இருக்கையிலேயே இருந்து, அதே வண்டியில் திரும்பிவிடுவேன். ஒரு வாரம் அரியூர் நாட்டுப் பக்கம், ஒரு வாரம் வாசலூர்பட்டி. மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. படகு சவாரிக்கு வந்த வெளியூர்க் குடும்பங்கள் வண்டியில் ஏறி, ஒருவருக்கொருவர் சிப்ஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டு வருவதை இரண்டு தடவை பார்த்த பிறகு வாசலூர்பட்டியை விட்டுவிட்டேன். கண்டக்டர்கள் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பிறகு, அந்தம்மா சும்மாதான் வரும் என்று பழகிக்கொண்டார்கள்.

எனக்கு ஊர் மலைக்குக் கீழே, காரவள்ளிக்குப் பக்கம். காடு தோட்டம் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் அரசாங்க ஜீப் ஓட்டினார். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று இரண்டு வருடம் அலைந்து, ஐம்பத்திரண்டு வயதில் இறந்தார். பணியில் இருக்கும்போதே இறந்ததால், இரண்டரை வருடம் அலைய விட்டு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஆணையில் 'கருணை அடிப்படையில்' என்று போட்டிருந்தது. கருணை என்ற சொல்லை அரசாங்கம் எழுதினால் எவ்வளவு கடுப்பாக இருக்கும் என்பது அந்தக் காகிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். அலுவலக உதவியாளர் வேலை. கோப்பு தூக்க வேண்டும், டீ வாங்கி வர வேண்டும், முத்திரை குத்த வேண்டும். செம்மேட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன்.

ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அங்கேயே வந்துவிடச் சொன்னான். புதிதாகக் கல்யாணமானவர்கள் இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு அவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று பார்த்துக் கிடக்க எனக்கு என்ன பைத்தியமா? மலையே போதும் என்றுவிட்டேன். போதும் என்று சொல்லிவிட்டேனே தவிர, ஆறு நாள் எப்படியோ ஓடும், ஏழாவது நாள் ஓடாது. அறையில் இருந்தால் சுவரைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலாவது இருந்தது.

அந்த ஞாயிறு ஐப்பசி மாதம். வளப்பூர் நாட்டுப் பக்கம் போகும் வண்டியில் ஏறியிருந்தேன். கடைசி ஊரில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் இறங்காமல் இருக்க, கண்டக்டர் வந்து, வண்டி இனி ஒரு மணிக்குத்தான் திரும்பும், கதவைப் பூட்டப் போகிறோம், இறங்கி எங்கேயாவது காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்றார். மணி பத்துகூட ஆகவில்லை. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. இருந்த ஒரு டீக்கடையும் சாத்தியிருந்தது. அப்போதுதான் மேட்டுப் பக்கமிருந்து டிரம்ஸ் அடித்துப் பாடும் சத்தம் வந்தது. யார் வீட்டிலோ விசேஷம் போல என்று நினைத்துக்கொண்டே பலா மரங்களுக்கு நடுவே ஏறினேன். தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. வாசலில் முப்பது நாற்பது ஜோடிச் செருப்புகள். மேலே கிறிஸ்தவ சபை என்று பெயிண்டில் எழுதியிருந்தது.

நாற்பத்தெட்டு வயது வரை நான் ஒரு சர்ச்சுக்குள் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் போகும்போது வெளியே இருந்து பார்த்ததோடு சரி. உள்ளே அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று சின்ன வயதிலிருந்தே ஒரு குறுகுறுப்பு உண்டு. செம்மேட்டில் என்றால் ஆபீஸ்காரர்கள் பார்ப்பார்கள், ஆளுக்கொன்று பேசுவார்கள். இங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை, பனி வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

நான் நினைத்துக்கொண்டு போனது வேறு. பெஞ்சு இருக்கும், மெழுகுவத்தி எரியும், கையை விரித்தபடி ஏசுநாதர் நிற்பார், அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று. அங்கே ஒன்றுமே இல்லை. தரையில் பிளாஸ்டிக் பாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எதிரே நீல வர்ணம் அடித்த வெறும் சுவர், அதில் ஒரு வசனம், ஒரு கடிகாரம். சிலை இல்லை, படம் இல்லை, சிலுவைகூட இல்லை. எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் கையைக் குவித்தபடி ஒரு நிமிடம் நின்றேன். குவித்த கையை வெறுமனே இறக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். பத்து ஐந்து காட்டியது.

உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த பெண்களைப் பார்த்தேன். ஒருத்தி நெற்றியிலும் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை, செயின் இல்லை, காதில் தோடு இல்லை. இருபது வயதுப் பெண்ணிலிருந்து பல் போன கிழவி வரைக்கும் வெறும் கழுத்தும் வெறும் நெற்றியுமாக, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சபையில் அதுதான் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்கு மூச்சு லேசானதுபோல் இருந்தது. மூன்று வருடமாக எந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தாலும் முதல் பார்வை என் நெற்றிக்கும் அடுத்தது கழுத்துக்கும் போய்த்தான் பிறகு முகத்துக்கு வரும். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் மஞ்சள் குங்குமம் கொடுத்துக்கொண்டிருந்தபோது என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் பெண்டாட்டி, நீங்க அப்புறமா வாங்கக்கா என்று காதோடு சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், நான் சங்கடப்படக் கூடாதாம். அன்றைக்குத் திரும்பியவள் அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. இங்கே என்னைப் பார்த்த பெண்கள் வேறு ஊர்ச் சபையிலிருந்து வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் சிஸ்டர் என்று சொல்லி நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் ஒரு நோட்டு கை மாறி வந்தது. கொண்டுவந்தவர் என் வயதுப் பெண். மலைக்காரர். வெயிலில் கறுத்த முகம், கையெல்லாம் மிளகுக் கொடிக் கீறல். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, புரிந்ததாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. அர்ச்சனைச் சீட்டு. பெயர், ராசி, நட்சத்திரம். நானே எழுதித் தருகிறேன் என்று பேனாவை வாங்கினேன். என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் யாரும் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவோம், கோயிலில் அர்ச்சகர் கேட்டால் சீட்டில் எழுதி நீட்டுவோம். அவர் நோயில் கிடந்த இரண்டு வருடத்தில் எத்தனை கோயில், எத்தனை சீட்டு! கை அதுபாட்டுக்கு எழுதியது. அவர் பெயர், உத்திரட்டாதி, மீன ராசி.

அந்தப் பெண் வாங்கிப் படித்துவிட்டு, நட்சத்திரமெல்லாம் வேண்டாம், ஆண்டவருக்கு ஆளைத் தெரியும் என்றார். பிறகு, என்ன காரியத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். நான் திகைத்துப்போனேன். கோயிலில் இதை யாரும் கேட்பதில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், தெரியாமல் எழுதிவிட்டேன், அடித்துவிடுங்கள் என்று. "உடம்புக்குங்க" என்று சொன்னேன். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பதில் அது.

போதகர் நோட்டை வாங்கி மைக்கில் வாசித்தார். அவரும் மலைக்காரர்தான், கனத்த குரல். வலிப்பு வரும் குழந்தை, ஆஸ்துமா பெரியவர், நர்சிங் சீட்டுக்குக் காத்திருக்கும் பெண் என்று ஒவ்வொருவர் பெயராகச் சொல்லச் சொல்ல, எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி ஆமென் என்றார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. சகோதரர் இன்னார், அவருடைய பூரண சுகத்துக்காக. நாற்பது பேர் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

மூன்று வருடத்தில் அந்தப் பெயர் என் காதில் விழுந்ததெல்லாம் ஆபீஸில்தான். அங்கேயும் தனியாக விழுந்ததில்லை. முன்னால் ஒரு 'லேட்' ஒட்டிக்கொண்டுதான் வரும். காகிதத்தில் 'காலஞ்சென்ற'. வீட்டில் மகன் அப்பா என்பான், மற்றவர்கள் 'அவரு' என்றதோடு நிறுத்திவிடுவார்கள், பெயரைச் சொன்னால் நான் அழுதுவிடுவேன் என்று பயம். இங்கே முன்னால் எந்த ஒட்டும் இல்லாமல், உயிரோடு இருக்கிற ஒரு மனுஷன் பெயரைச் சொல்வதுபோல் சொன்னார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த கிழவி ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கு அடுத்த ஞாயிறும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் மதம் மாறவும் இல்லை, மாறும் எண்ணமும் இருந்ததில்லை. பிரசங்கத்தில் பாதி எனக்குப் பிடிபடவில்லை, பிடிபட்டதில் பாதிக்குத் தலையாட்ட முடியவில்லை. முதல் வாரமே தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் வாரத்திலிருந்து அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. அந்த ஒரு பெயரைக் கேட்க வேண்டும், அதற்காக ஒன்றரை மணி நேரம் வண்டியில் போவேன். பட்டியல் வாசிக்கும்போது பெயர் வரிசை எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வலிப்புக் குழந்தை வந்ததும் எனக்கு ஒரு பரபரப்பு தொடங்கும். கல்யாணமான புதிதில் அவர் ஜீப் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் வருமே, அப்படி.

நோட்டு வைத்திருந்த அந்தப் பெண்ணும் நானும் பழகிவிட்டோம். ஆராதனை முடிந்து வண்டி எடுக்கும்வரை நேரம் இருக்கும். அவர் வீடு சபைக்குக் கீழேதான். கூட்டிப்போய் மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துக் கொடுப்பார், மிளகாய்ச் சட்னியோடு. அதிகம் சிரிக்காதவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இருக்கும். வாராவாரம், அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார். பரவாயில்லை என்பேன். கீழே ஊரில் இருக்கிறார், மகன் பார்த்துக்கொள்கிறான் என்பேன். உப்பு சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ஆனால் மனுஷன் ஊறுகாய் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறார் என்பேன். இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. சாப்பிட்டார் என்றில்லாமல் சாப்பிடுகிறார் என்று சொல்ல முடிந்தது. செம்மேட்டில் அறைக்குத் திரும்பிக் கதவைத் திறந்தால், அந்த ஒரு ஆள் சாப்பாடு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மறுபடி சாப்பிட்டார் ஆகிவிடும்.

தை மாதத்தில் ஆஸ்துமா பெரியவர் இறந்துபோனார். அந்த ஞாயிறு போதகர் பட்டியலை வாசிக்கும் முன் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு, அவர் கர்த்தரிடம் போய்விட்டார், இனி அவருக்கு நம் ஜெபம் தேவையில்லை, இருக்கிறவர்களுக்காகத்தான் நாம் ஜெபிக்கிறோம், அவர் குடும்பத்தின் ஆறுதலுக்காக ஜெபிப்போம் என்றார். நோட்டுக்காரம்மா பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டதை நான் பார்த்தேன். எங்களுக்கு இறந்தவர்களுக்குத் திதி உண்டு, அமாவாசை உண்டு, வருடாவருடம் நினைத்துப் படையல் வைப்போம். இவர்களுக்கு அப்படி இல்லை. ஆள் போனால் பெயரும் போய்விட வேண்டும். அது கடினமான வழக்கம் என்று குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர்கள் நம்பிக்கை அது. ஆனால் எனக்கு ஒன்று உறைத்தது. என் வாயிலிருந்து உண்மை வந்த நிமிடம் அவர் பெயர்மேலும் அந்தக் கோடு விழும். அப்புறம் இந்த உலகத்தில் அந்தப் பெயரை 'லேட்' இல்லாமல் சொல்ல ஓர் இடமும் இருக்காது. எக்காரணம் கொண்டும் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவு மாசி வரைக்கும் தாங்கியது. ஒரு ஞாயிறு நோட்டுக்காரம்மா சபைக்கு வரவில்லை. விசாரித்ததில், வெள்ளிக்கிழமை மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்றார்கள். கீழே போய்ப் பார்த்தேன். கணுக்கால் வீங்கி, துணி சுற்றி, காலை ஒரு மூட்டைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் முறத்தில் மிளகுச் சரம். அந்த நிலையிலும் கை உதிர்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாக ஏறுகிற மரத்திலிருந்து எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"கண்ணு இருட்டிருச்சுங்க. வெள்ளிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாது எனக்கு, உபவாசம்" என்றார். எதற்கு உபவாசம் என்று கேட்டேன். என்ன இப்படிக் கேட்கிறீர்கள் என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணனுக்காகத்தானுங்க. நீங்க மொதல்ல வந்த வாரத்துல இருந்து."

நாலு மாதம். பதினாறு பதினேழு வெள்ளிக்கிழமை. மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, வெறும் வயிற்றோடு முப்பது அடி மேலே நின்றுகொண்டு, ஏற்கெனவே எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்ட மனுஷனுடைய சிறுநீரகம் சரியாக வேண்டும் என்று இந்தப் பெண் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்தது இரக்கம் என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம். உன்னை யார் பட்டினி கிடக்கச் சொன்னது, நான் கேட்டேனா என்று. அந்தக் கோபம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவரு இல்லீங்க" என்றேன். "எறந்து மூணு வருசத்துக்கு மேல ஆச்சு. உங்க நோட்டுல எழுதுனப்பவே இல்ல."

உதிர்த்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கை தானாக எழுதியதை, நாற்பது பேர் பெயர் சொன்னதை, ஆபீஸில் 'லேட்' போடுவதை. ஊறுகாய்க் கதையும் பழைய கதை என்று சொன்னேன். அவர் முறத்தைத் தள்ளி வைத்தார்.

"பெரியவரு எறந்தப்ப பாஸ்டர் சொன்னாரில்லீங்க, நாம செத்தவங்களுக்கு ஜெபிக்கறதில்லேன்னு. அன்னைக்கு நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தனுங்க."

"தெரிஞ்சுந்தான் சொல்லலியா?"

"தெரிஞ்சதாலதாங்க சொல்லல."

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என் வாயால கர்த்தர்கிட்டப் பொய் சொல்ல வெச்சுட்டீங்களே" என்றார், குரலை உயர்த்தாமல். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒற்றைக் காலில் போய், பெட்டிமேல் இருந்த நோட்டை எடுத்துவந்தார். பக்கத்தைப் புரட்டி, என் கையெழுத்து இருந்த வரியைக் கண்டுபிடித்தார். நான் வேண்டாம் என்று சொல்வேனா என்று காத்திருந்ததுபோல் இருந்தது. எந்த முகத்தோடு வேண்டாம் என்பது? ஒரு கோடு போட்டார். உத்திரட்டாதி, மீன ராசி எல்லாவற்றின் மேலும்.

கோடு போட்ட கையோடு, என் பெயரைச் சொல்லச் சொன்னார், அந்த இடத்தில் எழுதிக்கொள்வதாக. எனக்கு ஒன்றுமில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். "நாலு மாசமா அண்ணன் நல்லாருக்காருன்னு சொன்னீங்களே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டார். சுருக்கென்று தைத்தது. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்குக் கிழங்கும் வேகவில்லை, அவரும் போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு அறையிலேயே கிடந்தேன். மகன் போனில், ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்றான். சளி என்றேன். அப்பா பெயரை ஒருதடவை சொல்லேன் என்று அவனிடம் கேட்கலாமா என்று வாய்வரைக்கும் வந்தது. அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஓசூரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்துவிடுவான். கேட்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று நானே சொல்லிப் பார்க்க முயன்றேன். பெயரின் முதல் எழுத்து வரைக்கும் வந்து உதடு மூடிக்கொண்டது. ஆள் போய் மூன்று வருடம் ஆன பிறகும் யாருக்கு இந்த மரியாதை என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்றாவது ஞாயிறு போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பெயர் இல்லாமல் அந்தப் பட்டியல் எப்படி இருக்கும் என்று ஒருதடவை கேட்டுவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தேனோ என்னவோ. நோட்டுக்காரம்மா வந்திருந்தார், கால் இன்னும் நொண்டியது. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், பக்கத்தில் வந்து உட்காரவில்லை. போதகருக்கும் தெரிந்திருக்கும். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசிக்கத் தொடங்கினார். வலிப்புக் குழந்தை, நர்சிங் பெண், புதிதாக ஒரு பிரசவம், யாரோ ஒருவருடைய கோர்ட்டு வழக்கு. அவ்வளவுதான், நோட்டை மூடிவிட்டார். நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை. அந்தப் பெயர் அங்கே இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.

பட்டியல் முடிந்ததும் அந்தச் சபையில் எல்லோரும் எழுந்து நின்று, ஆளாளுக்குத் தங்கள் வேண்டுதலைச் சத்தமாகச் சொல்வார்கள், ஒரே நேரத்தில். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. தகரத்தில் ஆலங்கட்டி மழை பெய்தாற்போல் இருக்கும். இத்தனை மாதமும் அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன். முதலில் வந்தது "ஏனுங்க" என்பதுதான். இருபத்தெட்டு வருடம் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன், சமையல்கட்டிலிருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலிருந்தும். அதற்குப் பிறகு அவர் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும். என் குரலில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, வேறு யாரோ சொன்னதுபோல் இருந்தது. இன்னொருதடவை சொன்னேன். எனக்கு எதையும் கேட்கத் தோன்றவில்லை, சுகம், சமாதானம் எதுவும். பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன், தொண்டை கட்டும்வரை. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவரவருக்கு அவரவர் பாடு. மைக்கில் போதகர் குரலை உயர்த்தியதும் எல்லோரும் நிறுத்தினார்கள். நானும் நிறுத்திக்கொண்டேன்.

பிரசங்கத்துக்கு இருக்கவில்லை. இறங்கி வந்து, பூட்டியிருந்த வண்டியின் படியில் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் திரும்பும் வண்டியில் நான் ஒருத்திதான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வண்டி நகரத் தொடங்கியதும், இந்த அமைதியில் வருகிறதா பார்ப்போம் என்று அந்தப் பெயரைச் சொன்னேன். வந்தது, கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி திரும்பி, பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"யாரையோ கூப்பிட்டீங்களேம்மா. ஆள் வரணுமுங்களா, வண்டிய நிறுத்தட்டுங்களா?"

"இல்லீங்க" என்றேன். "யாரும் வரல. போலாம்."